ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்? இன்றைய ரூபாயிலேயே கணக்குப் போடலாம்

ஓய்வுபெறும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் ஒருவர் ஒரு கோடி என்பார், இன்னொருவர் பத்துக் கோடி என்பார். இரண்டுமே உங்கள் வீட்டுச் செலவைப் பார்க்காமல் சொன்ன பதில். இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் கோடியில் என்ன வாங்க முடியும் என்று நம்மால் மனத்தில் எடை போட முடியாது. இன்றைய நாற்பதாயிரத்தில் எப்படிக் குடும்பம் நடக்கும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முதலிலிருந்து கடைசிவரை இன்றைய ரூபாய் மதிப்பிலேயே கணக்குப் போடுவோம். விலைவாசி உயர்வைத் தனியே கூட்டிப் பெருக்கும் வேலையும் மிச்சம், தப்பும் குறையும்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 35 வயதுக்காரரின் வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு 31 வயது. 60-ல் ஓய்வு. கைக்கு வரும் சம்பளம் மாதம் 76,500 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 30,000. பி.எஃப். கணக்கில் 6 லட்சம் இருக்கிறது.

முதலில் உண்மையான செலவு

"மாதம் முப்பதாயிரம் ஆகும்" என்று வாயால் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம். அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு செலவையும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வங்கிக் கணக்கே சொல்லிவிடும். ஏப்ரல் 1 அன்று இருந்த இருப்போடு ஆண்டு முழுக்க வந்த வரவைக் கூட்டுங்கள். அதில் மார்ச் 31 இருப்பையும், சேமிப்புக்கு மாற்றிய தொகையையும் கழியுங்கள். மீதி முழுவதும் செலவு. டீக்கடையில் ஸ்கேன் செய்து கொடுத்த பன்னிரண்டு ரூபாயும், கல்யாண வீட்டு மொய்யும், தீபாவளித் துணியும் அதற்குள் வந்துவிடும்.

நம் உதாரணத்தில்: தொடக்க இருப்பு 40,000, வரவு 9,18,000, கடைசி இருப்பு 58,000, சேமிப்புக்குப் போனது 2,40,000. செலவு 6,60,000, அதாவது மாதம் 55,000.

இதில் 60 வயதில் இருக்காத செலவுகளை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கடன் தவணை 14,000, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் டியூஷனும் 8,000, அலுவலகம் போய்வர பெட்ரோல் 3,000. மொத்தம் 25,000 போக மீதி 30,000.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓய்வுக்குப் பின் புதிதாக முளைக்கும் செலவும் உண்டு. இன்று நிறுவனம் கொடுக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். அதன் பிறகு பிரீமியம், மாத்திரை, பரிசோதனை எல்லாம் கைக்காசு. இதற்கு இருவருக்கும் சேர்த்து மாதம் 6,000 வைப்போம். பிறகு, ஓராண்டுக் கணக்கில் சிக்காத பெருஞ்செலவுகள்: ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ, போர் மோட்டார், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர். இவற்றை மாதத்துக்குப் பங்கிட்டு 4,000. ஆக 40,000 ரூபாய். ஆண்டுக்கு 4.8 லட்சம். இந்த எண்தான் அஸ்திவாரம். வாடகை வீட்டில் இருப்பவர் வாடகையைக் கழிக்கக் கூடாது. அது கடைசிவரை கூடவே வரும்.

எத்தனை ஆண்டுக்கு?

கணவரின் வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. கணவர் 60-ல் ஓய்வுபெறும்போது மனைவிக்கு 56. பொதுவாகப் பெண்களின் ஆயுள் ஆண்களைவிடக் கொஞ்சம் நீளம். எனவே வயதில் இளையவர் 90-ஐத் தொடும் வரை பணம் வர வேண்டும். நம் உதாரணத்தில் 34 ஆண்டு. "அவ்வளவு நாள் யார் இருக்கப்போகிறார்கள்" என்று சொல்லி 80-ல் நிறுத்திவிட்டால், பணம் தீர்ந்த பிறகு தனியாக நிற்கப்போவது பெரும்பாலும் மனைவிதான்.

உங்கள் ஓய்வு வயது 58-ஆ 60-ஆ என்பதை நியமனக் கடிதத்திலோ நிறுவன விதிகளிலோ பார்த்துக்கொள்ளுங்கள். தனியாரில் 58 என்று வைத்திருக்கும் இடங்கள் நிறைய. இந்த இரண்டு ஆண்டு என்ன செய்யும் என்பது பின்னால் வருகிறது.

எத்தனை மடங்கு?

34 ஆண்டுச் செலவுக்கு 34 மடங்கு வேண்டுமா? ஓய்வுக்குப் பின் பணம் ஈட்டும் வட்டி, வரி போக, விலைவாசி உயர்வுக்குச் சரியாக இருந்தால் 34 மடங்குதான் வேண்டும். விலைவாசியைவிட 1% கூடுதலாக ஈட்டினால் 29 மடங்கு, 2% கூடுதலாக ஈட்டினால் 25 மடங்கு. 30 ஆண்டுக்கு இதே கணக்கு முறையே 30, 26, 23. 25 ஆண்டுக்கு 25, 22, 20.

"25 மடங்கு போதும், ஆண்டுக்கு 4% எடுக்கலாம்" என்பதை எங்காவது படித்திருப்பீர்கள். 1994-ல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், அந்நாட்டுப் பங்குச் சந்தை, அரசுக் கடன் பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குக் கண்டறிந்தது அது. நம்முடையது 34 ஆண்டு, விலைவாசி ஓட்டமும் வேறு. ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியை வைப்புத்தொகையில் போடுவது நம் வழக்கம். அதில் வரி போக 1% மிஞ்சினாலே நல்லது. 29 மடங்கை எடுத்துக்கொள்வோம்.

4.8 லட்சம் × 29 = 139 லட்சம். இன்றைய மதிப்பில் ஒரு கோடியே 39 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் 25 ஆண்டில் விலைகள் 4.29 மடங்காகும், ஆகவே அன்றைய ரூபாயில் இது கிட்டத்தட்ட 6 கோடி. இந்த ஆறு கோடியைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் சம்பளமும் அதே ரூபாயில்தான் வரப்போகிறது.

விலைவாசி உயர்வுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கு 4%, மேலும் கீழும் 2% வரை இடம் உண்டு. நாம் ஏன் 6% எடுக்கிறோம் என்றால், மருத்துவச் செலவு பொது விலைவாசியைவிட வேகமாக ஏறுவது, வயதான வீட்டில் அதுவே பெரிய செலவாகவும் இருக்கும்.

ஏற்கெனவே இருப்பது

பி.எஃப். கணக்கில் உங்கள் பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12%. நிறுவனமும் 12% போடுகிறது, ஆனால் அது முழுவதும் பி.எஃப்.-க்குப் போவதில்லை. 15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33%, அதாவது மாதம் 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். 30,000 அடிப்படைச் சம்பளத்துக்கு உங்கள் 3,600-ம் நிறுவனத்தின் 2,350-ம் சேர்ந்து மாதம் 5,950, ஆண்டுக்கு 71,400 சேரும்.

2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் பி.எஃப். வட்டி 8.25%. நீண்ட காலத்துக்கு 8% என்று வைத்தால், விலைவாசி போக ஆண்டுக்கு 1.9% அளவுக்குத்தான் உண்மையான வளர்ச்சி. இருக்கும் 6 லட்சம் 25 ஆண்டில் இன்றைய மதிப்பில் 9.6 லட்சம் ஆகும். ஆண்டுதோறும் சேரும் 71,400, சம்பளத்தோடு 6% ஏறிக்கொண்டே போனால், 22.5 லட்சம் ஆகும். மொத்தம் 32 லட்சம்.

அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பழைய நிறுவனக் கணக்கின் பணம் இப்போதைய கணக்குக்கு மாறியிருக்கிறதா? பழைய நிறுவனத்தை விட்டு விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா? விலகல் தேதி இல்லாவிட்டால் பணத்தை மாற்றும் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும், ஓய்வூதியத்துக்கான சேவைக் காலத்திலும் குழப்பம் வரும். இதை 58-ல் சரிசெய்ய அலைவதைவிட இந்த வாரமே பார்த்துவிடுவது மேல்.

அடுத்து பி.எஃப். ஓய்வூதியம். இதன்மேல் வைக்கும் நம்பிக்கைதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. சூத்திரம் எளிது: ஓய்வூதியத்துக்கான சம்பளம் × சேவை ஆண்டுகள் ÷ 70. 2014 செப்டம்பரிலிருந்து சம்பள உச்சவரம்பு 15,000. 25 வயதில் சேர்ந்து 58 வரை 33 ஆண்டு வேலை, 20 ஆண்டு தாண்டியதற்குச் சலுகையாக 2 ஆண்டு, ஆக 35. பதினைந்தாயிரத்தை 35-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 7,500 ரூபாய். இன்னும் 23 ஆண்டு கழித்து வரும் 7,500, இன்றைய 2,000 ரூபாய்க்குக்கூட எட்டாது. அதன் பிறகும் விலைவாசிக்கு ஏற்ப அது தானாக உயர்வதில்லை. கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். உச்சவரம்பு கூடினால் அது உபரி.

பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படித்தான். கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × சேவை ஆண்டுகள் என்பது கணக்கு. ஒரே இடத்தில் நெடுங்காலம் இருப்பீர்கள் என்ற உறுதி இருந்தால் மட்டும் சேருங்கள்.

குடியிருக்கும் வீடு, மகளுக்கென்று வைத்திருக்கும் நகை, ஊரில் அண்ணன் தம்பி பங்கு பிரியாமல் கிடக்கும் நிலம் இவற்றையும் சேர்க்க வேண்டாம். விற்க மனம் வராததை வைத்து மளிகை வாங்க முடியாது. நகையை விற்றாலும் செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது.

மீதிப் பள்ளம், மாதச் சேமிப்பு

139-ல் 32 போனால் 107 லட்சம். இதை நிரப்ப மாதம் எவ்வளவு?

கீழே உள்ள எண், இன்றைய மதிப்பில் ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் சேர்த்தால் கடைசியில், அதுவும் இன்றைய மதிப்பில், எத்தனை ரூபாய் ஆகும் என்பது. விலைவாசி 6%. சேமிப்பையும் ஆண்டுதோறும் 6% ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

10 ஆண்டு: 8% வருவாயில் 10.9, 10% வருவாயில் 11.9
15 ஆண்டு: 17.2, 19.7
20 ஆண்டு: 24.0, 29.1
25 ஆண்டு: 31.6, 40.4
30 ஆண்டு: 39.9, 54.0

வெறும் வைப்புத்தொகை, பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) என்றே இருப்பவர் 8% வரிசைக்கு மேல் போகக் கூடாது. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1% என்பதால் அதுவே கொஞ்சம் தாராளம்தான். பாதிக்கு மேல் பங்குச் சந்தைக் குறியீட்டு ஃபண்டிலும் (நிஃப்டி போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) மீதியை பி.எஃப்., பி.பி.எஃப். போன்றவற்றிலும் போட்டு, இடையில் சந்தை விழும்போது எடுக்காமல் இருப்பவர் 10% வரிசையை எடுக்கலாம்.

107 லட்சத்தை 40.4-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2.65 லட்சம். மாதம் 22,000 ரூபாய். இதுதான் விடை.

ஆனால் இந்த 22,000 அடுத்த ஆண்டு 23,320 ஆக வேண்டும், அதற்கடுத்த ஆண்டு 24,700-ஐத் தாண்ட வேண்டும். எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் தானாகப் பணம் போடும் முறை) தொடங்கும்போதே ஆண்டுக்கு 6% தானாக ஏறும்படி அமைத்துவிடுங்கள். ஏற்றாமல் கடைசிவரை ஒரே தொகையாகக் கட்டுவதென்றால் இன்றே 38,900 கட்ட வேண்டியிருக்கும். இருபத்திரண்டாயிரத்தைத் தொடங்கிவிட்டு அப்படியே மறந்துபோனால் தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான் சேரும்.

நம் உதாரண வீட்டில் மாதம் 20,000 சேமிக்கிறார்கள், ஏறக்குறைய வந்துவிட்டதே என்று தோன்றும். அந்த இருபதாயிரத்தில் 8,000 பிள்ளையின் கல்லூரிக்கு என்றால், ஓய்வுக்குப் போவது 12,000-தான். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவைத்தால் கல்லூரிக் கட்டணம் முதலில் வரும், ஓய்வுக்காலம் தோற்கும். படிப்புக்குக் கடன் கிடைக்கும். ஓய்வுக்காலத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. கணக்குகளைத் தனித்தனியாக வையுங்கள்.

தொகை எட்டாவிட்டால்

முடிகிற தொகையில் இன்றே தொடங்கி, கீழே உள்ளவற்றில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

செலவில் மாதம் 1,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பில் 3.48 லட்சம் சேர்க்க வேண்டும், அதாவது இன்றிலிருந்து மாதம் சுமார் 720 ரூபாய். நாற்பதாயிரத்தை முப்பத்தைந்தாயிரமாகக் குறைத்தால் சேமிப்பு 3,600 குறையும். சென்னையில் வேலை, ஓய்வுக்குப் பின் சொந்த ஊர் என்று முடிவெடுக்கும் குடும்பங்களுக்கு இது நிஜமான வழி. நல்ல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

ஓய்வு வயதின் பலம் இன்னும் பெரிது. 60-க்குப் பதில் 58 என்றால் சேர்க்கும் ஆண்டு இரண்டு குறையும், செலவழிக்கும் ஆண்டு இரண்டு கூடும். மாதம் 22,000 என்பது 27,000 ஆகிவிடும். 58-ல் வெளியே அனுப்பும் நிறுவனத்தில் இருப்பவர், அடுத்த இரண்டு ஆண்டுக்குக் கணக்கெழுதுவதோ பயிற்சி கொடுப்பதோ, வீட்டுச் செலவுக்கு மட்டும் வருகிற மாதிரி ஒரு வேலையை இப்போதே யோசித்துவைப்பது நல்லது.

"வீட்டுக்கடன் முடியட்டும், அந்தத் தவணையை அப்படியே சேமிப்புக்குத் திருப்பிவிடுகிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். கடன் 50 வயதில் முடிகிறது என்று வையுங்கள். அன்று விடுபடும் 14,000, இன்றைய மதிப்பில் 5,800 ரூபாய்தான். தவணை அசையாமல் நிற்கும், மற்ற எல்லாம் ஏறியிருக்கும். பத்து ஆண்டு தள்ளிப்போட்டு 45-ல் தொடங்கினால் அதே 107 லட்சத்துக்கு இன்றைய மதிப்பில் மாதம் 45,000 வேண்டும், அந்த ஆண்டின் ரூபாயில் 81,000. தள்ளிப்போடுவதைவிட, சிறிய தொகையானாலும் இப்போதே போடுவதுதான் வழி.

கணக்கு எங்கே கெடுகிறது

வருவாய் விகிதத்தில்தான் அதிகம் கெடுகிறது. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களில் 12% போட்டால் நம் உதாரணத்துக்கு மாதம் 17,000 போதும் என்று வரும். மனம் குளிரும். ஆனால் உண்மையில் 8% மட்டும் கிடைத்தால் அந்த 17,000-ஐ வைத்து 107 லட்சத்துக்குப் பதில் 64 லட்சம்தான் சேரும். அது தெரியவரும்போது வயது 58 ஆகியிருக்கும். கூடுதலாகக் கிடைத்தால் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், குறைவாகக் கிடைத்தால் நிரப்ப நாள் இருக்காது.

அடுத்தது, வேலை மாறும்போது பி.எஃப்.-ஐ எடுப்பது. 30 வயதில் எடுத்த 3 லட்சம், 8%-ல் 60 வயதுவரை இருந்திருந்தால் 30 லட்சம் ஆகியிருக்கும். இன்றைய மதிப்பில் சொன்னால் 5.25 லட்சம். பெரிய எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை, சிறிய எண்ணே உங்கள் வீட்டின் ஓராண்டுச் செலவுக்கு மேல். எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்டோமென்ட் வகை (காப்பீட்டோடு முதிர்வில் பணமும் தரும்) ஆயுள் காப்பீட்டில் கட்டும் தொகையைச் சேமிப்பாக எண்ணுபவர்கள், பாலிசிப் பத்திரத்தை எடுத்து ஒவ்வோர் ஆண்டு பிரீமியத்தையும் முதிர்வுத் தொகையையும் தேதியோடு ஒரு ஷீட்டில் எழுதி எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (ஆண்டு வருவாய் விகிதத்தைக் காட்டும் சூத்திரம்) போட்டுப் பாருங்கள். 5 அல்லது 6 சதவீதத்தைச் சுற்றி வந்தால், அது விலைவாசியோடு ஓடுகிறதே தவிர முந்தவில்லை. அப்படியானால் அதை 8% வரிசையில்கூட வைக்கக் கூடாது.

மருத்துவக் காப்பீடு நிறுவனத்தில் இருக்கிறதே என்று சொந்தப் பாலிசி எடுக்காமல் விடுவதும் ஒரு ஓட்டை. 60-ல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்த பிறகு போனால் பிரீமியம் கூடும், மறுக்கவும் செய்யலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. நாற்பதுகளின் நடுவிலேயே எடுத்துவிட்டால் அது வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும்.

பி.எஃப். இல்லாத கடைக்காரர், தையல்காரர், ஓட்டுநர் ஆகியோருக்கும் இதே கணக்குதான், கழிக்க 32 லட்சம் இல்லை என்பது மட்டும் வித்தியாசம். அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள், வருமான வரி கட்டாதவர் சேரலாம், 60-லிருந்து மாதம் 5,000 வரை கிடைக்கும். 25 ஆண்டு கழித்து அந்த 5,000 இன்றைய 1,165 ரூபாய். சேரலாம், அதோடு நின்றுவிடக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை

ஒவ்வோர் ஏப்ரலிலும் வங்கிக் கணக்கை வைத்துச் செலவை மறுபடி கண்டுபிடியுங்கள். ஓய்வுக்கென்று சேர்ந்த மொத்தத்தை, அந்த ஆண்டு விலையில் கணக்கிட்ட ஓய்வுக்கால ஆண்டுச் செலவால் வகுங்கள். இதுவரை எத்தனை ஆண்டுச் செலவைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பது ஒரே எண்ணாக வந்துவிடும். விலைவாசி 4% ஏறினாலும் 8% ஏறினாலும் அது அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும்.

நம் உதாரண வீட்டுக்கு இன்று அந்த எண் 1.25. திட்டப்படி போனால் 40 வயதில் 5, 45-ல் 10, 50-ல் 15, 55-ல் 21, 60-ல் 29. டைரியின் கடைசிப் பக்கத்தில் இந்த ஐந்து எண்களையும் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் பக்கத்திலேயே உங்களுடையதைக் குறியுங்கள். 45-ல் 10 வர வேண்டிய இடத்தில் 8 நின்றால், ஆண்டு ஏற்றத்தை 6%-லிருந்து 10%-ஆக மாற்ற இன்னும் பதினைந்து ஆண்டு இருக்கிறது. 55-ல் தெரிந்தால் ஐந்து ஆண்டுதான்.